ஊர் கூடி நடப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நடைப்பயிற்சியை ஊர்மட்டத்தில் ஒழுங்குபடுத்துவது பற்றி யாழ். குடாநாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருந்தன. பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்தமையால் எல்லாருடைய பெயர்களையும் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

எங்கள் சனசமூக நிலையத்தில் காலை நடைக்குழு ஒன்றை ஆரம்பிக்கலாம் என்று நான் முன்மொழிந்தபோது, "நடப்பதற்கு எதற்குச் சங்கம்? விரும்பியவர் தன்பாட்டில் நடக்கலாமே" என்று நிர்வாகசபையில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்*

அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தனியே நடந்தாலும் குழுவாக நடந்தாலும் உடலுக்குக் கிடைக்கும் பயன் ஒன்றுதான். அடுத்த மாதமும் அந்த நடை தொடருமா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வைத்தியர் சொன்னாரே என்று இரண்டு வாரம் நடந்துவிட்டு, ஒரு நாள் மழை, ஒரு நாள் கலியாணவீடு, ஒரு நாள் அலுப்பு என்று மெல்ல விட்டுவிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சந்தியில் நான்கு பேர் தமக்காகக் காத்து நிற்பார்கள் என்று அறிந்தவர் அவ்வளவு எளிதில் விட்டுவிடமாட்டார். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகும் அடியார்கள், அவர்களில் எழுபது வயதைத் தாண்டியவர்களும் உட்பட, வன்னியையும் கிழக்கையும் கடந்து வாரக்கணக்கில் நடக்கிறார்கள். பக்தியோடு கூட்டமும் சேர்ந்துதான் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை, ஒருமுறையேனும் அவர்களோடு சிறிது தூரம் நடந்தவர்கள் அறிவார்கள்.

ஆய்வுச் சான்றும் உண்டு. சாரா ஹன்சன், அன்டி ஜோன்ஸ் என்ற இரு பிரித்தானிய ஆய்வாளர்கள், 14 நாடுகளில் வெளிப்புற நடைக்குழுக்களைப் பற்றி நடத்தப்பட்ட 42 ஆய்வுகளைத் தொகுத்து 2015 இல் ஒரு மீளாய்வை வெளியிட்டார்கள். அவற்றில் பங்குபற்றிய 1,843 பேரிடம், குருதி அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 3.7 மி.மீ. இரசமும் கீழ் அளவு 3.1 மி.மீ. இரசமும் குறைந்திருந்தன. ஓய்வுநிலை இதயத்துடிப்பும் உடற்கொழுப்பும் கொலஸ்திரோலும் இறங்கியிருந்தன. மனச்சோர்வின் அளவும் குறைந்திருந்தது. குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை.

நான்கு மில்லிமீற்றர் ஒரு பெரிய விடயமா என்று உங்கள் நிர்வாகசபையில் யாரேனும் கேட்கக்கூடும். தனி ஒருவரைப் பொறுத்தவரை அது சிறிய மாற்றந்தான். ஆனால் மாரடைப்பும் பாரிசவாதமும் மிக உயர்ந்த அழுத்தம் உள்ள சிலருக்கு மட்டும் வருவன அல்ல. சற்றே உயர்ந்த அழுத்தம் உள்ள மிகப் பலரிடமிருந்துதான் நோயாளரின் பெருந்தொகை வருகிறது. ஆகவே ஊர் முழுவதன் சராசரியைச் சிறிது இறக்கினாலே பலன் பெரிதாகும் என்பதைப் பிரித்தானியத் தொற்றுநோயியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1985 இல் தெளிவாக விளக்கினார். மருந்துச் சோதனைகள் பலவற்றைத் தொகுத்து 2021 இல் வெளியான ஒரு பகுப்பாய்வும், மேல் அளவை 5 மி.மீ. குறைத்தாலே பெரும் இதய, குருதிக்குழாய்ப் பாதிப்புகள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. இந்த நிலையில், ஒரு வாங்கும் ஒரு கொப்பியும் தவிர வேறு செலவில்லாத ஒரு முயற்சியைச் சனசமூக நிலையம் கையில் எடுப்பது, அது பத்திரிகை வாசிக்க இடம் கொடுப்பதைப் போலவே அதன் கடமைகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. குளிசையும் இன்சுலினும் எடுக்கிறேன். நடைக்குழுவில் சேரப் பயமாக இருக்கிறது. வழியில் மயங்கி விழுந்தால் என்ன செய்வது? காலையில் வெறும் வயிற்றில் நடப்பது நல்லதா, சாப்பிட்ட பின் நடப்பது நல்லதா?
*கடை உரிமையாளர், பருத்தித்துறை*

உங்கள் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் அது நடையை விலக்குவதற்கான காரணம் அல்ல, ஆயத்தத்தோடு நடப்பதற்கான காரணம். நடக்கும்போது தசைகள் சுருங்குவதனாலேயே, இன்சுலினின் உதவி இல்லாமலும், குருதியிலிருந்து குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நீரிழிவாளருக்கு நடை மருந்தாவது இதனால்தான். இன்சுலினோ, கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடியதும் இதனால்தான். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

ஆகவே முதலில் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் நடைக்குழுவில் சேரப்போவதைச் சொல்லி, மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். வீட்டில் அளவிடும் கருவி இருந்தால் புறப்படும் முன் பாருங்கள். டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதேனும் சாப்பிட்டுவிட்டே இறங்க வேண்டும். நடக்கப்போகும் வேளையில் தொடையில் இன்சுலின் ஏற்றுவதைத் தவிருங்கள், ஏனெனில் வேலை செய்யும் தசைக்கு அருகில் ஏற்றிய மருந்து வேகமாக உறிஞ்சப்படும். சட்டைப்பையில் சீனியோ குளுக்கோசோ இருக்கட்டும். கைநடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, தடுமாற்றம் ஆகியவற்றில் எதை உணர்ந்தாலும் உடனே நின்று, மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை உட்கொண்டு, 15 நிமிடம் அமர்ந்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும். குழுவில் உங்களோடு நடப்பவர்களில் இருவராவது இதைத் தெரிந்திருக்க வேண்டும். தனியே நடப்பதைவிடக் குழுவில் நடப்பது உங்களுக்குப் பாதுகாப்பானது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, உங்களைப் போன்றவர்களுக்கு வெறும் வயிற்றில் நீண்ட நடையை நான் விரும்புவதில்லை. நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவாளரிடம் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஓர் ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் உணவுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேறுபாடு 22 சதவீதமாக இருந்தது. இரவில் புட்டோ இடியப்பமோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பதை நினைத்துப் பார்த்தால், முற்றத்திலும் ஒழுங்கையிலும் பத்து நிமிடம் நடப்பது எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

கால்களைப் பற்றி ஒன்றை வற்புறுத்த வேண்டும். நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வெயில் ஏறிய நேரத்தில் கோயில் வீதி மணலில் நடந்து, சுட்டது தெரியாமலே பாதம் கொப்பளித்துப் புண்ணாகி, ஈற்றில் விரலை இழக்கும் அவலம் நேரக்கூடாது. கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள். நடைக்கு மூடிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் அணிந்து, திரும்பியதும் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்தாக வேண்டும் என்று மகன் கனடாவிலிருந்து கைக்கடிகாரம் ஒன்று அனுப்பியிருக்கிறான். என்னால் ஐயாயிரத்தைத் தாண்ட முடியவில்லை.
*71 வயது, நல்லூர்*

கவலைப்பட வேண்டாம், அம்மா. பத்தாயிரம் என்ற எண், 1965 இல் யப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை அவதானித்து 2019 இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு வீதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500 அடி அளவில் அந்தப் பயன் சமநிலைக்கு வந்துவிட்டது. உங்கள் ஐயாயிரம் நல்ல கணக்கு. அதை மகனிடமும் சொல்லுங்கள்.

நான் இரண்டு பிள்ளைகளின் தாய், வயது 44, குருதி அழுத்தம் இருக்கிறது. காலையில் நடந்தால் "வேலை வெட்டி இல்லாமல் வீதி அளக்கிறாள்" என்று பேசுவார்கள். விடியமுன் போனால் கட்டாக்காலி நாய்கள். விடிந்தபின் போனால் மோட்டார் சைக்கிள்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் வேலை வேறு. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நடைக்குழுக்கள் எப்படிப் பயன்படும்?
*மானிப்பாய்*

இந்த இதழுக்கு வந்தவற்றுள் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது உங்கள் கடிதம். நம் நகரில் மாலை நேரம் பண்ணைக் கடற்கரைப் பக்கமும் கோட்டையைச் சுற்றியும் ஆரியகுளத்தடியிலும் பலர் நடப்பதைக் காண மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆயினும் அங்கே வருபவர்கள் பெரும்பாலும் வாகன வசதியும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள். பலருக்கு நடை ஏற்கெனவே பழக்கமானது. மானிப்பாயில் காலைச் சமையலோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு அந்த நடைபாதைகள் பயன்படா. ஒரு நடைத்திட்டம் பொதுச் சுகாதாரத் திட்டம் என்று சொல்லத்தக்கதா என்பதை, தானாக நடக்க முடியாத நிலையில் இருப்பவரை அது நடக்க வைத்ததா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். அந்த அளவுகோலின்படி, உங்களைப் போன்ற பெண்கள் வராத குழுவில் ஐம்பது பேர் இருந்தாலும் அது பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

உங்கள் நேரத்துக்கு ஏற்ற குழுவை உங்கள் ஒழுங்கையிலேயே உருவாக்குவதுதான் வழி. பிள்ளைகளைப் பாடசாலை வாசலில் விட்டபின் அங்கேயே நிற்கும் தாய்மார் நால்வர் ஐவர் சேர்ந்து, நேரே வீடு திரும்பாமல் இருபது நிமிடம் சுற்றி வரலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு எந்த வீட்டில் யாருக்கு அழுத்தம், யாருக்குச் சர்க்கரை என்பது ஓரளவு தெரிந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாமியார்கூட மறுப்பது கடினம். மாதர் சங்கத்தின் பெயரில் நடந்தால் ஊர்வாய் பெரும்பாலும் அடங்கும் என்பது என் நம்பிக்கை. தனியே நடக்கும் பெண்ணைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஆறு பெண்கள் சேர்ந்து நடப்பதை ஒரு மாதத்தில் வழமையாக ஏற்றுக்கொள்கிறார்கள். உடைக்காகத் தயங்கவும் வேண்டாம். தளர்வான பஞ்சாபி போதும்.

ஒரே தடவையில் அரை மணித்தியாலம் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிற உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டி, எவ்வளவு சிறிய நேரமும் கணக்கில் சேரும் என்கிறது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: அதுவே மிதமான வேகம்.

நாய்களைக் கண்டு ஓடாதீர்கள். நின்று, முகத்தை நேரே பாராமல், மெல்ல விலகுங்கள். முன்னால் போகிறவர் கையில் ஒரு தடி இருக்கட்டும். கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நாய்க்கடி நோய் வந்தபின் மருந்தில்லை. நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்விக்கவும், இருண்ட ஒழுங்கைகளுக்கு மின்விளக்குப் போடவும் பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள். நடைபாதை கட்டித் திறப்புவிழா வைப்பதைவிட, பத்து ஒழுங்கைகளில் விளக்கு எரிவது அதிகம் பேரை நடக்க வைக்கும். வீதியில் இறங்கினால் வலப்புறமாக, எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி, இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகப் போகாமல் நடவுங்கள்.

நாங்கள் வெங்காயத் தோட்டத்தில் காலை முதல் மாலை வரை வேலை செய்கிறோம். நாங்களும் நடக்க வேண்டுமா?
*புத்தூர்*

கொத்துவதும் சுமப்பதும் பாத்தி மாறுவதும் உடலுழைப்பே. அதை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஜெரி மொரிஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் இலண்டன் பேருந்துகளில் நடத்தி 1953 இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகூரலாம். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, இரட்டைத்தட்டுப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. உடலுழைப்பின் மருத்துவப் பயனைக் கணக்கிட்டுக் காட்டிய முதல் ஆய்வுகளில் அது ஒன்று; அந்தப் பயன் வேலையினால் வந்தது. எனவே தோட்டவேலை உள்ள பருவத்தில் தனியாக நடக்கத் தேவையில்லை. ஓய்வான பருவத்தில் நடவுங்கள். ஆனால் உழைப்பவருக்கு அழுத்தமும் சர்க்கரையும் வராது என்று நினைத்து, பரிசோதிக்காமல் இருந்துவிடாதீர்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

முழங்கால் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். நடந்தால் இன்னும் தேயாதா?
*68 வயது, சாவகச்சேரி*

தேயும் என்பது பரவலான அச்சம். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. மூட்டைத் தாங்கும் தொடைத்தசை வலுப்பெற்றால் வலி குறைகிறது. நடக்காமல் இருந்தால் தசை மெலிந்து வலி கூடுகிறது. மட்டமான நிலத்தில் ஐந்து, பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். நடந்தபின் வரும் நோ மறுநாளும் அப்படியே இருந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், நடையை நிறுத்தி வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் விளையாட்டுக் கழக மைதானத்தில் நடைத்திட்டம் ஒன்றைப் பதாகை, ரீசேட், பிரதம விருந்தினர் என்று பெரிய அளவில் தொடக்கினோம். முதல் நாள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். இப்போது நாலைந்து பேர்தான். எங்கே பிழைத்தது? மழைகாலம் வேறு வருகிறது.
*கழகச் செயலாளர், சுன்னாகம்*

உங்கள் கடிதத்தில் பதாகையும் ரீசேட்டும் பிரதம விருந்தினரும் இருக்கிறார்கள். இரண்டாம் கிழமை வராதவரின் வீட்டுக்குப் போனது யார் என்பது இல்லை. முதல்நாள் கூட்டத்தைக் கொண்டு ஒரு திட்டத்தை மதிப்பிடுவது நம்மிடையே ஆழமாகப் பதிந்த பழக்கம். மூன்றாம் மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் முன்பு நடக்காதவர்கள் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இயங்கும் நடைக்குழுக்களில், பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் முன்னே நடப்பார். இன்னொருவர் எல்லாருக்கும் பின்னே, மிக மெதுவாக வருபவரோடு நடப்பார். அந்தப் பின்னவர் இல்லாத குழுவில் இளைஞர்கள் முன்னே விரைந்துவிட, மூச்சிரைக்கப் பின்தங்கியவர் வெட்கப்பட்டு மறுநாள் வராமல் விடுவார். யாருக்காகத் தொடங்கினீர்களோ அவரே முதலில் விலகிப்போவது இப்படித்தான். உங்கள் கழகத்தில் பொறுமை மிகுந்த ஒருவரைத் தேர்ந்து, கடைசியாக வருபவரோடு நடப்பதையே அவருடைய பொறுப்பாகக் கொடுங்கள். பாதையும் நீண்ட தூரமாக இல்லாமல் ஒரு கிலோமீற்றருக்குக் குறைந்த சுற்றாக இருந்தால், களைத்தவர் ஒரு சுற்றோடு நிற்கலாம், மற்றவர் இன்னொரு சுற்றுப் போகலாம், ஒருவரும் தனித்துவிடப்படமாட்டார்.

அடுத்தது, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மைதானத்தில் 30 மீற்றரைச் சுண்ணாம்பால் குறித்து, ஆறு நிமிடத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று ஆரம்பத்திலும் மூன்று மாதம் கழித்தும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். வைத்தியசாலைகளில் பயன்படும் அளவை அது, செலவில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் கேட்டு, ஐந்து நிமிடம் அமரவைத்தபின் குருதி அழுத்தத்தையும் பார்க்கச் செய்யலாம். அவரவர் அளவு அவரவருக்கு மட்டும். ஒலிபெருக்கியில் வாசிப்பதும், யார் அதிகம் மெலிந்தார் என்று போட்டி வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

வைத்தியர் ஒருவரைப் பேச அழைப்பதைவிட நடக்க அழையுங்கள். ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் டேவிட் சப்கிர் என்ற இதயநோய் வைத்தியர், தம் நோயாளரிடம் நடக்கச் சொல்லிச் சொல்லிப் பயனில்லாமல், 2005 இல் தம்மோடு பூங்காவில் வந்து நடக்கும்படி அழைத்தார். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்த முறை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் பிரதேச வைத்தியசாலை வைத்தியரோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ வந்து நடந்தால், கிளினிக் வரிசையில் கேட்க முடியாத கேள்விகளை மக்கள் அங்கே கேட்பார்கள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்களிடம் காலையில் யாரேனும் "நேற்று ஏன் வரவில்லை" என்று கேட்பதே மருந்துக்கு ஈடானது. ஆகவே இரண்டு நாள் தொடர்ந்து வராதவரின் வீட்டுப் படலையைத் தட்டுவதற்கு ஒருவரை நியமியுங்கள்.

நெஞ்சுவலி, தலைச்சுற்று, வழமைக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் நடையை நிறுத்தி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க வேண்டும் என்பதைத் தொண்டர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

மழைகாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் முதியவர்களை நடக்கவிட வேண்டாம். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். இப்போதே பாடசாலை அதிபரிடமோ கோயில் அறங்காவலர் சபையிடமோ மண்டபத்தைக் கேட்டுவைத்து, அங்கே சுற்றி நடப்பதோடு, கதிரையிலிருந்து எழுந்து அமர்தல், ஒற்றைக்காலில் நிற்றல் போன்ற சமநிலைப் பயிற்சிகளையும் சேருங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் அவை தேவை. டெங்கு நுளம்பு பெருகும் காலமும் அதுவே என்பதால், கால்களை மூடிய உடையோடு வரச் சொல்லுங்கள். மண்டபம் கிடைக்காத நாட்களில், வழமையான அதே நேரத்தில் எல்லாரையும் தொலைபேசியில் அழைத்து, வீட்டு விறாந்தையில் பத்து நிமிடமாவது நடந்தார்களா என்று கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.